மூணு வருசச் சட்டை

மடிப்பு இரண்டுதான் இருந்தது.

ஜெயந்தினி அந்த வெள்ளைச் சட்டையைக் கதவோரம் கொண்டுபோய், பனிமூட்டம் மிச்சம் வைத்திருந்த கொஞ்ச வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கீழ்விளிம்பிலிருந்து விரல் வைத்து மறுபடியும் எண்ணினாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது மடிப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாக இருந்தன, தையல் இல்லை. துணி முழுக்க ஒரு வருடத் தூசி ஏறிச் சாம்பல் பூத்துக் கிடக்க, மடிப்புக்குள் ஒளிந்திருந்த பட்டி மட்டும் கடையில் கிழித்த அன்றைக்குப் போலப் பளிச்சென்று வெளியே வந்திருந்தது.

மூன்று போட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மூன்றுக்குக் குறைய அவள் யாருக்கும் போட்டதில்லை.

கந்தப்பளைக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்தில், முழங்கால் வரை வரும் பெண்பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டை என்றால் மூன்று வருடம் தாங்க வேண்டும். ஆறாம் ஆண்டுக்குத் தைத்தது எட்டாம் ஆண்டுக்கும் வர வேண்டும். அதற்காக ஜெயந்தினி இடுப்புக்குக் கீழே சுற்றிவர மூன்று மடிப்புகளைப் பிடித்துத் தைத்துவிடுவாள். ஒவ்வொரு ஜனவரியிலும் பிள்ளைகள் வந்து பலகை ஸ்டூலில் ஏறி நிற்பார்கள். அவள் எதிரே முழங்காலிட்டு, குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, ஒரு மடிப்பை அவிழ்த்து இறக்கி ஓரம் குத்துவாள். ஒரு பிள்ளை ஒரு வயது வளர்ந்துவிட்டது என்பதற்கு, தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் அந்த லயத்தில், வேறு கொண்டாட்டம் கிடையாது. வாசலில் தொங்கிய 'பாரிஸ் மொடர்ன் டெய்லரிங் சென்டர்' என்ற பலகையை நம்பி ஒருவரும் வந்ததில்லை. பாரிஸை அவளும் பார்த்ததில்லை, பலகை எழுதியவனும் பார்த்ததில்லை. மூணு வருசச் சட்டைக்காகத்தான் வந்தார்கள்.

"என்னா புள்ள, அதையே உத்துப் பாத்துக்கிட்டு நிக்கிற?"

வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் குந்தியிருந்த வீரம்மாதான் கேட்டாள். கொழுந்து பறித்து முதுகு வளைந்து, ஓய்வு பெற்று, இப்போது பக்கத்துக் காம்பராவில் இருந்துகொண்டு மற்றவர்களின் வேலையை மேற்பார்வை செய்பவள்.

"ஒண்ணுமில்லக்கா. பழைய துணி."

சட்டையைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். இடுக்கிய இடத்தில் ஈரம் பட்டது.

லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராதான் அவளுடைய தையல் அறை. மெசினுக்கும் அவளுக்கும் போக மிச்சமெல்லாம் குவியல். வெட்டுத்துணி, சிப், இலாஸ்டிக், பத்திரிகையில் வெட்டிய கழுத்து மாதிரிகள், பித்தான் நிறைந்த பிஸ்கட் டின்கள், ஒரு கை மட்டும் வைத்த சட்டைகள், பிறகு அளவுச் சட்டைகள். தோட்டத்துப் பெண்கள் அளவு கொடுக்க வந்து நிற்க மாட்டார்கள். நேரமும் இல்லை, கூச்சமும் போகவில்லை. உடம்புக்குச் சரியாக இருக்கிற பழைய சட்டை ஒன்றை அனுப்பிவிடுவார்கள். புதுசு தைத்ததும் இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்கள்.

குவியல் சுவரைப் பிடித்து மேலேறி, போன மழைக்கு யன்னலின் பாதியை மூடிவிட்டது. லயத்தில் அதைச் சோம்பல் என்றார்கள். ஜெயந்தினி மறுக்கவில்லை. அடியில் அந்த வெள்ளைச் சட்டை கிடந்தது அவளுக்கு மட்டும் தெரியும். அதை எடுக்காமல் இருப்பதற்காகவே ஒரு வருடமாக மேலே மேலே போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது எடுக்க வேண்டியதாயிற்று. காரணம், கிளைவ் சேர்.

கிளைவ், பெண்களை உயர்த்துகிற ஒரு நிறுவனத்தின் வெளிக்கள இணைப்பாளர். அவருடைய அப்பாவும் ஒரு லயத்தில் பிறந்தவர்தான். அதை மறக்கடிக்கத்தான் வெயிலிலும் கோட் போட்டிருந்தார். ஜப்பானியர்கள் கண்டுபிடித்த 'ஃபைவ் எஸ்' என்கிற ஒழுங்குமுறையை மலையகத்துக்குக் கொண்டுவருவது அவர் வாழ்க்கை இலட்சியம். அவர் ஜப்பானுக்குப் போனவரில்லை. போய்வந்த ஒருவரிடம் ஹட்டனில் இரண்டு நாள் பயிற்சி எடுத்தவர், அதிலும் இரண்டாம் நாள் பின்னேரம் பஸ்ஸைப் பிடிக்க எழும்பி வந்தவர்.

"மிஸ்ஸிஸ் ஜெயந்தினி, வெள்ளிக்கிழமை பிரதம அதிதி வர்றாரு. இது முன்மாதிரித் தையல் அறையாத் திறந்து வைக்கப்படும். புது மெசின் வருது, அலுமாரி வருது. உங்க பக்கத்துல ஒண்ணே ஒண்ணுதான். இந்த..." குவியலை எப்படிச் சொல்வது என்று யோசித்தார். "இந்த நிலைமை மாறணும். ஒரு வருசம் பாவிக்காத சாமான், சாமானே இல்ல. சிவப்பு அட்டை கட்டி வெளிய போட்டுரணும். ஜப்பான்ல அப்புடித்தான்."

"மனுசருக்கும் அப்புடித்தானா சேர்?" என்றாள் வீரம்மா. "இந்த லயத்துப் பக்கம் ஒருத்தரும் எட்டிப் பாத்து எவ்வளவோ காலமாச்சு. எங்க கழுத்துலயும் ஒரு சிவப்பு அட்டை கட்டிவிட்டுட்டுப் போங்க."

கிளைவ் சிரிக்கவில்லை. ஜப்பானிய முறையில் அதற்கு இடம் இருக்கவில்லை.

சட்டையை வெளியே எடுத்த அன்று பின்னேரம் தனியாக இருந்தபோது ஜெயந்தினி சட்டையை மடியில் விரித்தாள். துளைகளில் ஒட்டியிருந்த நூல்நுனிகள் கத்தரியால் வெட்டியவை அல்ல. பிசிறுபிசிறாக, நசுங்கி, தட்டையாக இருந்தன. அவிழ்ந்த கோட்டின் நெடுகிலும் செம்மண் மெல்லிசாகக் கோடு இழுத்திருந்தது.

அவளுக்கு அந்த நூல்நுனியைத் தெரியும். மேசையில் மூன்று கத்தரிக்கோல் கிடந்தாலும் மகள் சர்மிளா பல்லால்தான் கடிப்பாள்.

*

போன வருடம் நவம்பரில் நாலு நாள் மழை. நாலாம் நாள் பின்னேரம் ஜெயந்தினி மகளுக்கு ஆறாம் ஆண்டுச் சட்டையை முடித்துக்கொண்டிருந்தாள். ஓரம் மட்டும்தான் பாக்கி. போட்டுப் பார்த்துவிட்டு அடிக்க வேண்டும்.

"நாகலெட்சுமி அக்காவோட சட்டையக் கீழ் லயத்துல குடுத்துட்டு ஓடி வா. வந்து இதப் போட்டுப் பாக்கணும்."

"ஸ்டூல்ல நிக்கச் சொல்லுவீங்க. ஆடுதுன்னு ஏசுவீங்க."

"ஆடாம நின்னா ஏன் ஏசுறேன்?"

"ஒங்க தலையப் புடிச்சுக்குவேன். அப்ப ஆட மாட்டேன்."

அது எப்போதும் செய்வதுதான். அம்மா கீழே குனிந்து ஊசி குத்தும்போது சர்மிளா தடுமாறாமலிருக்க உள்ளங்கையை அவள் உச்சந்தலையில் ஊன்றிக்கொள்வாள். சின்னக் கை. உச்சி வகிட்டை மூடப் போதாத கை.

பத்திரிகைத் தாளில் சுற்றிய பொதியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலைக்கு ஒரு உரச் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, மகள் படி இறங்கியதை அவள் பார்த்தாள். லொறியிலிருந்து கல் கொட்டுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டபோது இருபது நிமிடமாகியிருந்தது.

மலை சரிந்து கீழ் லயத்தை மண் மூடியது; சர்மிளாவோடு ஏழு பேர். ஆறு உடல்கள் கிடைத்தன. நாகலெட்சுமியைத் தோண்டி எடுத்தபோது பத்திரிகைத் தாள் பொதி கையில் இருந்தது. அப்படியென்றால் பிள்ளை கொடுத்துவிட்டது. கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கிறது. தேடத் தொடங்கிய ஐந்தாம் நாள் மழை வலுத்ததும் மண் அள்ளும் மெசினை நிறுத்திவிட்டு, அந்த இடத்தை நினைவிடமாக அறிவித்தார்கள். கல் நாட்டினார்கள். திறந்து வைத்தவரின் பெயர் தங்க எழுத்தில் ஒரு முழ நீளத்துக்கு இருந்தது. செத்தவர்களின் பெயர்கள் அடியில், குனிந்து வாசிக்கும் அளவில் இருந்தன. சர்மிளாவின் பெயர் இல்லை. காணாமல் போனவரைக் கல்லில் எழுத விதிமுறை கிடையாதாம்.

பதினாறாம் நாள் புருசன் கணேசமூர்த்தி மகளின் உடுப்பையெல்லாம் ஒரு பையில் கட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனான். உடல் இல்லாத பிள்ளைக்கு உடுப்பை வைத்துக் காரியம் பண்ணி, எரித்து, சாம்பலைத் தண்ணீரில் விடச் சொல்லியிருந்தார் பூசாரி. ஒன்றையும் வீட்டில் நிறுத்தி வைக்கக் கூடாது என்பதுதான் அதில் முக்கியம். ஜெயந்தினி போகவில்லை. இருந்தது இவ்வளவுதானா என்று அவன் கேட்டபோது, இவ்வளவுதான் என்றாள். வெள்ளைச் சட்டையின் மேல் அப்போதே இரண்டு மூட்டை வெட்டுத்துணி கிடந்தது. அவன் கொழும்புக்கு வேலைக்குத் திரும்பிப் போனான். அவள் மெசினுக்குத் திரும்பினாள்.

திரும்பிக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு யாராவது காரியம் பண்ணுவார்களா?

*

புதன்கிழமை அறையின் பாதி தெரியத் தொடங்கியது. கிளைவ் சேர் அனுப்பிய ஒட்டுச்சீட்டுகள் எல்லாவற்றிலும் ஏறியிருந்தன. கத்தரிக்கோலில் 'கத்தரிக்கோல்'. யன்னலில் 'யன்னல்'. ஸ்டூலில் 'ஸ்டூல்'. இனி யாரும் ஸ்டூலை யன்னல் என்று நினைத்துத் திறக்கப் போவதில்லை.

மூன்று மணி இருக்கும். மூட்டம் தேயிலை மலையை விழுங்கி, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையை விழுங்கி, இஸ்தோப்பு வரைக்கும் வந்து படியில் உட்கார்ந்துகொண்டது. ஜெயந்தினி வெளியே நின்று விளக்குமாற்றைத் தட்டிக்கொண்டிருந்தாள். லீக்ஸ் ஏற்றிய லொறி ஒன்று கண்ணுக்குத் தெரியாத பாதையில் முக்கிக்கொண்டு போனது. அதன் சத்தம் தேய்ந்ததும், எங்கும் சொட்டுகிற தண்ணீரின் சத்தம் மட்டும், கூரைத் தகரத்திலும் வாழை இலையிலும் தார்ச் சீலையிலும் வேறுவேறு தொண்டையில் கேட்டது. அந்தச் சத்தங்களுக்குள்ளே அவற்றோடு சேராத ஒன்று.

டக்.

உள்ளேயிருந்து.

அவள் விளக்குமாற்றைப் பிடித்தபடி நின்றாள்.

டக். பிறகு நூலை இழுக்கிற மெல்லிய கிர்ர். டக்.

"பல்லு போயிரும்டி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. ஒரு வருடமாகச் சொல்லாத வாய்.

சத்தம் நின்றது.

உள்ளே போனபோது மெசின் மேசையில் வைத்திருந்த சட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. இரண்டாவது மடிப்பும் இல்லை. சற்று முன்புதான் கூட்டிய சீமெந்துத் தரையில் வெள்ளை நூல்துண்டுகள் கிடந்தன. ஒன்றை எடுத்தாள். நுனி ஈரமாக இருந்தது. எச்சிலின் ஈரமாக, குளிர்ந்துபோய். மழைவிட்ட மண்வெட்டுக்குள்ளிருந்து வருமே, அந்த மணம் அறையில் நின்றது.

வீரம்மாவிடம் காட்டினாள். வீரம்மா நூலைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள்.

"எலி."

"எலி நூல மட்டும் கடிச்சிட்டுத் துணிய விடுமாக்கா?"

"கிளைவ் சேர்கிட்டப் பயிற்சி எடுத்த எலியா இருக்கும்." சொல்லிவிட்டு அவளே சிரிக்கவில்லை. சட்டையின் தோள்பட்டையைத் தொட்டுப் பார்த்தாள். குரல் இறங்கிப்போயிற்று. "இது யாருதுன்னு தெரியுது புள்ள. நீ வெட்டும்போது நான் இங்கதான குந்தியிருந்தேன். ஆத்துக்குக் குடுக்கலயா நீ?"

ஜெயந்தினி நூல்துண்டை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஒண்ண நிப்பாட்டி வச்சிட்டியேடி. அதான் அது போவவும் முடியாம வரவும் முடியாம நிக்குது. குடுத்துரு. மண்ணுக்குள்ள எப்புடிப் புள்ள அது கெடக்கும்?"

"கெடக்கலக்கா. வந்துக்கிட்டிருக்கு."

"ஐயோ, அப்புடிச் சொல்லாத."

சட்டையைத் தகரப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள். சாவியை இடுப்பில் செருகினாள். பெட்டியிலும் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. 'பெட்டி'.

*

வியாழக்கிழமை காலை கிளைவ் சேர் வந்து, மிச்சமிருந்த குவியலுக்குத் தன் கையாலேயே சிவப்பு அட்டை கட்டினார். வெட்டுத்துணி முழுவதும் மூட்டையாகி வெளியே போனது. அளவுச் சட்டைகளில் ஆளிருப்பவற்றைத் திருப்பி அனுப்பியிருந்தாள். நாலு மட்டும் மிச்சம் கிடந்தன.

"இது யாரோடது?"

"கீழ் லயத்து ஆளுங்களது சேர்."

"வந்து எடுக்கச் சொல்லலயா?"

வீரம்மா வாசலில் நின்று, "சொல்லிப் பாருங்க சேர், நீங்க சொன்னா வருவாங்க" என்றாள்.

அவருக்குப் புரியக் கொஞ்ச நேரம் எடுத்தது. புரிந்ததும் கோட்டின் பித்தானைப் போட்டுக்கொண்டார். நாலுக்கும் சிவப்பு அட்டை கட்டி உரச் சாக்கில் போட்டு, இன்றைக்கே பின்பக்கம் வைத்துக் கொளுத்திவிடச் சொன்னார். பிறகு பெட்டியைத் திறக்கச் சொன்னார்.

பூட்டு பூட்டியபடிதான் இருந்தது. சாவியைத் திருப்பி மூடியைத் தூக்கினாள்.

கடைசி மடிப்பும் அவிழ்ந்திருந்தது. பெட்டியின் அடியில் செம்மண் தண்ணீர் ஒரு விரல் ஆழத்துக்கு நின்றது. சட்டை மட்டும் நனையவில்லை. தூசியும் இல்லை. துவைத்து இஸ்திரி போட்ட மாதிரி இருந்தது.

"அட, இது அருமையா இருக்கே!" கிளைவ் சேர் அதைத் தூக்கிச் சுவரில் இருந்த கொக்கியில் மாட்டினார். "இத டிஸ்ப்ளேக்கு வைப்போம். வெள்ளை, சுத்தத்தோட அடையாளம். பிரதம அதிதிக்கும் புடிக்கும். எத்தனாம் ஆண்டுப் புள்ளைக்குத் தைச்சது?"

"ஆறாம் ஆண்டு."

"இந்த நீளத்துக்கா? எட்டாம் ஆண்டுக்குக் குறையாது."

அவர் போன பிறகு அறை வெறுமையாக இருந்தது. ஒரு வருடத்துக்குப் பிறகு நாலு மூலையும் தெரிந்தன. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது. மெசின் மிதித்தால் சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. இரண்டு பேர் மிதிப்பது போலிருந்தது. அவள் நிறுத்தினாள். மற்றச் சத்தமும் நின்றது, ஆனால் ஒரு மிதி பிந்தி.

சுவரில் சட்டை தொங்கியது. காற்றில்லை. எனினும் அதன் நெஞ்சுப் பகுதி மெதுவாக உப்பி நிற்பது போலிருந்தது.

டப்.

அக்குளில் ஒரு தையல் விட்டது.

டப். டப்.

ஒவ்வொன்றாக. யாரோ இறுக்கமான உடுப்புக்குள் மூச்சை இழுப்பது போல. இடது அக்குள். பிறகு வலது. பிறகு முதுகில் நெடுக, பர்ரென்று.

அவள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு பார்த்தாள். அந்தப் பயத்துக்கும் மேலே, வெட்கமில்லாமல், தையற்காரியின் மூளை கணக்குப் போட்டது. மூன்று மடிப்பு, மூன்று வருடம். அதுவும் போதவில்லை. இனிமேல் இறக்கத் துணியில்லை. பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கிறது. சாப்பாடில்லாமல், வெளிச்சமில்லாமல், அந்த இருட்டுக்குள்ளே, ஒருத்தரும் மடிப்பு இறக்கிக் கொடுக்காமல்.

சட்டையை உருவிக்கொண்டு பின்பக்கம் ஓடினாள். அங்கே வீரம்மா மண்ணெண்ணெய் ஊற்றி வெட்டுத்துணியைக் கொளுத்திக்கொண்டிருந்தாள். தூறலில் நெருப்பு பிடிக்காமல் புகைந்தது. நாலு சட்டைகள் இருந்த உரச் சாக்கு பக்கத்தில் முறை காத்திருந்தது.

வீரம்மா திரும்பினாள். முகத்தைப் பார்த்து எல்லாம் புரிந்துகொண்டாள். கையை நீட்டினாள்.

"குடு சாமி. நல்ல புத்தி வந்துச்சு. நான் தேவாரம் ரெண்டு வரி சொல்றேன், நீ போட்டுரு. நாளையோட வருசமாவுது. புள்ள நிம்மதியாப் போவட்டும்."

ஜெயந்தினி சட்டையை நீட்டினாள். வீரம்மாவின் விரல்கள் மறுபக்கத்தைப் பிடித்தும்விட்டன.

"கிழிஞ்சிருச்சுக்கா" என்றாள் ஜெயந்தினி.

"எரியப் போற துணிதானே. கிழிஞ்சா என்னா?"

ஜெயந்தினி தன் மகளை ஒரு நாளும் கிழிந்த உடுப்போடு வெளியே அனுப்பியதில்லை. இரவல் வாங்கிய அரிசியைச் சமைத்த நாளிலும் அனுப்பியதில்லை. அவள் விரல்கள் இறுகின. சட்டையை வீரம்மாவின் பிடியிலிருந்து மெதுவாக இழுத்துக்கொண்டாள்.

"ஒட்டுப் போட்டுட்டுத் தாறேன்."

"ஜெயந்தி!"

ஒட்டுப்போட வெள்ளைத் துணி எங்கே? ஒரு வருடக் குவியல் முழுக்க வெள்ளை வெட்டுத்துணி இருந்தது. அது இப்போது புகை. எரியாமல் மிச்சமிருந்தது அந்த ஒரு சாக்குத்தான். அவள் குனிந்து அதைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வீரம்மா பின்னால் வரவில்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

கதவைச் சாத்திவிட்டு நாலு சட்டைகளையும் தையல் பிரித்தாள். அன்று பொதியோடு அனுப்ப மறந்துபோன, நாகலெட்சுமியின் அரக்குச் சட்டை. கொழுந்து பறிக்கையில் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கின் கறை போகாத ராக்காயியின் பச்சை. மற்ற இரண்டு. முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனால் அவரவர் வியர்வை இன்னும் இருந்தது. அக்குளுக்கு அரக்கு. முதுகுக்குப் பச்சை. மிச்சத்தைப் பட்டி பட்டியாக வெட்டி ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்த்து அடித்தாள். வெளிச்சம் குறையக் குறைய ஊசி போகும் வழியைக் கை பார்த்துக்கொண்டது. நூல் அறுக்கக் கத்தரியைத் தேடினாள். எல்லாவற்றிலும் சீட்டு இருந்தும் தேவையான நேரத்தில் ஒன்றும் அகப்படவில்லை.

டக்.

பக்கத்திலேயே. தோளுக்குக் கிட்டே. நூல் அறுந்து அவள் கையில் தளர்ந்தது.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த பட்டியை எடுத்தாள்.

முடித்து மாட்டியபோது சட்டையின் ஓரம் தரையைத் தொட்டு மடங்கியது. போதும். இது போதும் என்று நினைத்தாள்.

*

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்குத் திறப்பு விழா. நாலாகியும் பிரதம அதிதி வரவில்லை. வழியில் இன்னும் இரண்டு அறைகளைத் திறக்கிறாராம். மூட்டத்துக்குள் வாழை மரங்கள் கட்டி, ரிப்பன் கட்டி, பொன்னாடையோடு நின்றவர்கள் குளிர் தாங்காமல் பொன்னாடையைத் தாங்களே போர்த்துக்கொண்டார்கள்.

கடைசி மேற்பார்வைக்கு உள்ளே வந்த கிளைவ் சேர் கொக்கியைப் பார்த்துக் கத்தினார்.

"என்ன மிஸ்ஸிஸ் இது, கோமாளி உடுப்பு! நேத்து வெள்ளையா இருந்தது! கழட்டுங்க, கழட்டுங்க. வாகனம் பாலத்தடியத் தாண்டிருச்சாம். நான் கதவச் சாத்துறேன். பிரதம அதிதி வந்ததும் நானே திறக்கிறேன்."

கதவு சாத்திக்கொண்டது. வெளிப்பக்கம் கொண்டி விழுந்தது. ரிப்பனை மறுபடியும் கதவுப் பலகையில் ஆணியடிக்கும் சத்தம் கேட்டது.

அவள் சட்டையிடம் போனாள்.

நேற்றுத் தரையில் மடங்கிக் கிடந்த ஓரம் இப்போது தரைக்கு ஒன்றரைச் சாண் மேலே நின்றது.

கொக்கி அதே கொக்கி. அதே உயரம். ஆனால் சட்டையின் தோள்கள் கொக்கியில் இல்லை. அதற்கும் மேலே, கூரை மரத்தின் நிழலுக்குள் போயிருந்தன. கழுத்து எங்கே முடிகிறது என்று தெரியவில்லை. அவள் அண்ணாந்து பார்க்கவுமில்லை.

ஓரத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தரை மட்டும் ஈரமாக இருந்தது.

மண் மணம். ஈர வேரின் மணம்.

அவளுக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான். முழங்காலிட்டாள். குண்டூசிகளை எடுத்து உதட்டில் கவ்விக்கொண்டாள். ஆறு, ஏழு. சாக்கில் மிச்சமிருந்த அரக்குத் துணியை ஓரத்தோடு சேர்த்துப் பிடித்தாள்.

வெளியே ஒலிபெருக்கி செருமியது. "ஹலோ, ஹலோ. இன்னும் சில நிமிடங்களில் எமது மதிப்புக்குரிய..."

முதல் ஊசி. துணி ஆடியது.

ஆடாம நில்லுடி என்று சொல்ல வாய் வந்தது. உதட்டில் ஊசி.

அப்போது உச்சந்தலையில் ஒரு கை ஊன்றியது.

குளிர்ந்த கை. ஈரமான கை. தடுமாறாமலிருக்க எப்போதும் வைக்கிற அதே இடத்தில். அவள் கண்கள் நிறைந்தன. அந்தக் கை வகிட்டை மூடியது. பிறகு இரண்டு பக்கமும் காதுகளை மூடியது. வெளியே கிளைவ் சேரின் குரல் தண்ணீருக்கடியில் போனது போல மங்கிற்று. விரல்கள் நெற்றியைத் தாண்டி, புருவத்தைத் தாண்டி, கண்களுக்கு மேல் இறங்கி வந்து, மூக்கைக் கடந்து, உதட்டில் கவ்வியிருந்த ஊசிகளில் முட்டின. செம்மண் தண்ணீர் கன்னத்தில் வழிந்து வாயோரம் நுழைந்தது.

கத்துவதற்கு வாயைத் திறக்க முடியாது. திறந்தால் ஊசி உள்ளே போகும்.

அவள் இருட்டுக்குள் தடவி இரண்டாவது ஊசியை எடுத்து, ஓரத்தில் குத்தினாள். மூன்றாவது. வெளியே கைதட்டல் கேட்டது. கதவில் கொண்டி அசைந்தது.

மகள் ஆடாமல் நின்றாள். ஆடாமல் நிற்பதற்காக, அம்மாவின் தலையில் ஊன்றிய அந்தக் கையின் வழியே, கொஞ்சம் கொஞ்சமாகத் தன் முழுப் பாரத்தையும் இறக்கிக்கொண்டிருந்தாள்.